இருபத்தொரு சதவீதம்

வேறு ஏதாவது மாத்திரை மருந்து சாப்பிடுகிறாரா என்று டாக்டரம்மா கேட்டார். ஒண்ணுமில்லீங்க என்றாள் மைனாவதி. டாக்டரம்மா அதைத் தாளில் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். வேறொன்றும் நடக்கவில்லை. ஆனால் சொன்ன வார்த்தை தொண்டையிலேயே மீன் முள் மாதிரி நின்றுவிட்டது, விழுங்கினாலும் இறங்கவில்லை, கனைத்தாலும் வரவில்லை. அவர்கள் வீட்டில் பொய் சொல்வது புருஷனுடைய வேலை, கண்டுபிடிப்பது அவளுடைய வேலை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான் பங்கு பிரித்து வைத்திருந்தார்கள். இன்றைக்குக் காலை எட்டு இருபதுக்கு, பல்லடத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், பச்சைத் திரைக்குப் பின்னால், பங்கு மாறிப்போனது. கட்டிலில் திருமூர்த்தி கண்ணை மூடிக் கிடந்தார். ஏழே காலுக்குக் குளியலறையில் விழுந்தவர். ஆட்டோவில் ஏற்றும்போது செங்கல் நிறத்தில் இருந்த முகம் இப்போது திட்டுத்திட்டாக வெளுத்துக்கொண்டு வந்தது, காதும் கழுத்தும் மட்டும் இன்னும் சிவப்பு. பிரஷர் எண்பதுக்குக் கீழே இறங்கிவிட்டது, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, ஈசிஜியையும் சரியென்று சொல்லமுடியாது, இந்த சலைன் பாட்டில் இறங்குகிற அரைமணி நேரம் பார்ப்போம், ஏறாவிட்டால் இதயக் கோளாறாகத்தான் இருக்கும், கோயமுத்தூருக்கு அனுப்பிவிடலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அரைமணி நேரம். அதற்குள் மைனாவதி ஒரு வாக்கியம் சொல்லவேண்டும், அல்லது சொல்லாமல் இருந்துவிடவேண்டும். பதினோரு மாசமாக இவருக்குத் தெரியாமல், குடியை நிறுத்துகிற மாத்திரையைப் பொடித்து இவர் கஞ்சியில் கலந்து கொடுக்கிறேன் என்கிற வாக்கியம். மனசுக்குள் சொல்லிப் பார்த்தால் சின்னதாகத்தான் இருந்தது. வாய்க்கு வரும்போதுதான் வீங்கிவிடுகிறது.

அந்தக் கேள்விக்கு முன்னால் ஒன்று நடந்தது. அதை நினைக்காமல் இருக்கத்தான் அவள் சலைன் சொட்டை எண்ணிக்கொண்டிருந்தாள், முப்பதுக்கு மேல் எண்ணிக்கை தவறித் தவறி மறுபடியும் அதிலேயே வந்து நின்றாள். டாக்டரம்மா குனிந்து இமையை விலக்கிப் பார்த்தவர் மூக்கைச் சுளித்து, காலையிலேயே குடித்திருக்கிறாரா என்று கேட்டார். சின்னப் பெண், மிஞ்சிப்போனால் முப்பது வயசு. குற்றம் சொல்கிற தொனியே இல்லை, காய்ச்சல் உண்டா என்று கேட்பது மாதிரிதான் கேட்டார். திருமூர்த்தி தலையைத் தூக்கப் பார்த்து முடியாமல், "இல்லீங்க டாக்டர். நான் விட்டுப் பதினோரு மாசமாச்சுங்க" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நம்பாதீங்க டாக்டர். ரெண்டு வாரமா மறுபடியும் குடிக்கிறாரு" என்றாள் மைனாவதி. பிரஷர் பார்த்த நர்சு, மருந்துத் தட்டோடு நின்ற நர்சு, பக்கத்துக் கட்டில் பெரியவர், அவருக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்த மருமகள், நான்கு பேரும் கேட்டார்கள். மருமகள் கையில் இட்லித் துண்டோடு அப்படியே நின்றுவிட்டாள். திருமூர்த்தி கண்ணை மட்டும் திருப்பி மைனாவதியைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை, கோபத்தை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள், அதற்கெல்லாம் பதில் வைத்திருக்கிறாள். இது ஊர் தெரியாத இடத்தில் வழி கேட்கிற பார்வை. கிடைக்காது என்று தெரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டார், அப்புறம் திறக்கவேயில்லை. உயிருக்குப் போராடிக் கிடக்கிற மனுஷனைப் பற்றிப் பேசுகிற பேச்சா அது என்று மனசின் ஒரு பக்கம் கேட்டது. நான் என்ன இல்லாததையா சொன்னேன், அந்தச் சிவந்த முகமே சாட்சி என்று மறுபக்கம் சொன்னது. சாட்சி எப்படி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லேன் பார்ப்போம் என்றது முதல் பக்கம்.

மைனாவதியின் மூக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். பனியன் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாகச் செக்கிங் மேஜையில் நிற்பவள், கண் கூர்மையானவள் என்று பெயர் வாங்கியவள். ஆனால் ஆண்டவன் அவளுக்கு நிஜமான கூர்மையை மூக்கில்தான் வைத்திருந்தான், அல்லது திருமூர்த்தி வைத்தார். சாயங்காலம் மில்லிலிருந்து வந்து அவர் வண்டியை நிறுத்தும்போதே எழுந்து வாசலுக்குப் போய்த் சோற்றுத் தூக்குப்போசியைக் கையிலிருந்து வாங்குவாள். பார்க்கிறவர்கள் கொடுத்துவைத்த புருஷன் என்பார்கள். வாங்குகிற சாக்கில் ஒரு மூச்சு இழுப்பாள், அவ்வளவுதான், எவ்வளவு என்பதும் எத்தனை மணிக்கு என்பதும் தெரிந்துவிடும். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. ஏலக்காய் மென்று பார்த்தார், கிராம்பு அடக்கிப் பார்த்தார், கொய்யா இலை நல்லது என்று யாரோ சொல்ல ஒரு மழைக்காலம் முழுக்க ஆடு மாதிரி இலை தின்றார். ஏலக்காய்க்கு அடியில் அது இருந்தது, கொய்யா இலைக்கு அடியிலும் அதுவே இருந்தது. அதனால் மைனாவதிக்கு ஒரு வினோதமான வியாதி வந்தது. புருஷன் வாயில் எந்த நல்ல வாசனை வந்தாலும் அவள் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிடுவாள். மற்ற பெண்களுக்கு எது சந்தோஷமோ அது இவளுக்குச் சகுனம். வெறும் வாய் நாற்றத்தோடு வந்த நாட்களில்தான் நிம்மதியாகச் சோறு போட்டாள்.

போன ஆடிப் பதினெட்டு அன்றைக்கு அவர் விட்டார். கோயிலுக்குப் போகவில்லை, கையில் கயிறு கட்டவில்லை. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவி வந்து, நான் விட்டுட்டேன் புள்ள என்றார். என்னத்தை என்றாள். அதைத்தான் என்றார். அப்படி விட்டதை அவள் ஏழெட்டுத் தடவை பார்த்தாயிற்று, நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்று பாத்திரம் கழுவப் போனாள். அந்த வாரம் அவருக்குக் கை நடுங்கியது, வியர்த்து வியர்த்துப் படுக்கை நனைந்தது, சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். நடிப்பு என்று அவள் நினைக்கவில்லை. ஆனால் எத்தனை நாளைக்கு என்று விரல் மடக்கிக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது விரல் மடங்கிய அன்றைக்கு, மேஜையில் பக்கத்தில் நிற்கிற ஜோதிலட்சுமி காகிதத்தில் மடித்து மாத்திரை கொண்டுவந்து கொடுத்தாள். தன் புருஷனுக்குக் கொடுத்து நிறுத்தியதாம். டாக்டர் எழுதித்தான் கொடுக்கவேண்டும், சாப்பிடுகிறவருக்குத் தெரிந்துதான் கொடுக்கவேண்டும் என்பதெல்லாம் இருக்கிறதாம், தெரிந்தால் எந்த ஆம்பிளை சாப்பிடுவான், நீ பாட்டுக்குப் பொடித்துப் போட்டுவிடு என்றாள். மாத்திரை உள்ளே இருக்கும்போது ஒரு வாய் குடித்தாலும் முகம் சிவந்து, தலை இடித்து, குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்து, செத்தோம் என்று ஆகிவிடுமாம், சாகமாட்டார்களாம், அந்தப் பயத்திலேயே விட்டுவிடுவார்களாம். இருமல் மருந்தில்கூடச் சாராயம் கலந்திருக்கும், அதையும் பார்த்துக்கொள் என்றும் சொன்னாள். மைனாவதி அன்று மாலையே அலமாரியில் பாதி கிடந்த இருமல் மருந்தைச் சாக்கடையில் கொட்டினாள். அவ்வளவு ஜாக்கிரதைக்காரி.

காலையில் அவருக்கு மட்டும் ராகிக் கஞ்சி, சர்க்கரை வரும் வயசு என்று சொல்லி வைத்திருந்தாள். இஞ்சி தட்டுகிற கல்லில் பாதி மாத்திரையைத் தட்டி, மோர் ஊற்றிக் கலக்கிக் கொடுப்பாள். மிச்சம் கசகசா டப்பாவுக்குள் இருந்தது, தீரத் தீர ஜோதிலட்சுமி வாங்கிக் கொடுத்தாள். முதல் வாரம் பயந்துகொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் ஆகவில்லை. மாத்திரை போலியோ என்று கேட்டதற்கு ஜோதிலட்சுமி சிரித்தாள், சும்மா இருக்கிறவனை அது என்ன செய்யும் என்றாள். அப்போதிருந்து மைனாவதி நிம்மதியாகத் தூங்கினாள். உள்ளே ஆள் போட்டாயிற்று, இனி மீற முடியாது. ஆறு மாசத்தில் அவருக்குக் கன்னத்தில் சதை பிடித்தது, வண்டியில் போகும்போது பாட்டு முணுமுணுக்கத் தொடங்கினார், கோயமுத்தூரில் படிக்கிற மகள் தர்ஷிணி ஹாஸ்டலிலிருந்து தினம் போனில் அப்பாவோடு பேசினாள். மில்லில் புதிதாகச் சேர்கிற பையன்களுக்கு வேலை பழக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள். நூற்பாலையில் அது சாதாரணக் காரியம் இல்லை. மெஷின் இரைச்சலில் ஆளுக்கு ஆள் பேசவேண்டுமென்றால் காதில் வாயை வைத்துத்தான் பேசவேண்டும். குடித்த காலத்தில் இருபது வருஷம் அவர் யார் காதுக்கும் போனதில்லை, எல்லாம் கைச் சாடைதான், திருமூர்த்தி ஊமைச்சாமி என்று அங்கே பட்டப்பெயர். இப்போது காதுக்குக் காது போய்ப் பேசுகிறார். இரண்டு தெரு தள்ளி ஒரு பெண் தன் புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்து எப்படி விட்டீர்கள் என்று கேட்டபோது, மருந்துமில்லை சாமியுமில்லை, நானாகத்தான் விட்டேன் என்று நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். நானாகத்தான் என்பதை இரண்டு தடவை சொன்னார். சமையலறையில் மைனாவதி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். சட்டையை நானே போட்டுக்கிட்டேன் என்று குழந்தை சொல்லும்போது பொத்தான் மாட்டிவிட்டவள் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு.

பிறகு பல்வலி வந்தது. கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கிவிட்டு, ஈறு ஆறும்வரை உப்புத் தண்ணீர் கொப்பளித்தால் போதும் என்று பல் டாக்டர் சொல்லியனுப்பினார். உப்புத் தண்ணீரோடு நிற்கவில்லை அவர். கடையிலிருந்து நீல நிறத்தில் பெரிய பாட்டில் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார், வாய் கொப்பளிக்கிற மருந்து. பசங்க காதுக்கிட்டப் போய்ப் பேசறேன், வாய் நாறக்கூடாது பாரு என்றார். அவள் காதில் வாங்கிக்கொண்டாள், மூக்கு வாங்கிக்கொள்ளவில்லை. அன்று கஞ்சி குடித்துக் கொப்பளித்துவிட்டு அவர் கூடத்தைக் கடந்து போனபோது புதினா வாசம் வீசியது, புதினாவுக்கு அடியில் அது இருந்தது. ஐயமே இல்லை. இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கம், வெளியூர் போன பழைய பகையாளி தெருமுனையில் திரும்பினாலே தெரிந்துவிடுமே, அப்படித் தெரிந்தது. கால் மணி நேரத்தில் அவர் முகம் சிவந்தது, தலையைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். ஆஹா, மாத்திரை வேலை செய்கிறது என்று அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை. அடுத்ததாக வயிறு எரிந்தது. மாத்திரையைப் பாதியிலிருந்து முழுசாக்கினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாராபுரத்தில் அவளுடைய அண்ணன் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பினார்கள், பஸ் பாதி வழி போவதற்குள் அவர் ஜன்னல் வழியே வாந்தி எடுத்தார், அங்கே போய்ச் சேர்ந்தபோது கண்ணெல்லாம் கோவைப்பழம். அண்ணன் என்னவென்று கேட்டான். வேறென்ன, பழைய குருடி கதவைத் திறடிதான் என்று பந்தியில் எல்லோரும் கேட்கச் சொன்னாள். அன்று வீட்டுக்கு வந்து அவர், தர்ஷிணி தலைமேல சத்தியமா நான் தொடலை புள்ள என்றார். பெற்ற பெண்ணின் தலையில் பொய்ச் சத்தியம் செய்கிறவன் மனுஷனா என்று மூன்று நாள் அவள் அவரோடு பேசவில்லை. பேசாமலேயே கஞ்சி ஊற்றினாள். மாத்திரை இரண்டாயிற்று.

பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பையில் அவருடைய வேட்டி, துண்டு, ஆதார் அட்டை, அந்த நீல பாட்டில். பாட்டிலை ஏன் எடுத்துவந்தாள் என்றால், பாருங்க டாக்டர், குடித்துவிட்டு இதை ஊற்றித்தான் மறைக்கிறார் என்று காட்டுவதற்கு. கீழே விழுந்த மனுஷனைப் பக்கத்து வீட்டுக்காரர் தோளைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருக்க, இவள் குளியலறை மாடத்திலிருந்து தடயம் எடுத்துப் பையில் போட்டிருக்கிறாள். இப்போது வேறு வேலை இல்லாமல், சொட்டை எண்ணவும் முடியாமல், அதை எடுத்துத் திருப்பினாள். லேபிள் படிப்பது அவள் பிழைப்பு. பனியன் கழுத்தில் வைத்துத் தைக்கிற துணுக்கில் பருத்தி தொண்ணூற்றைந்து, மற்றது ஐந்து என்று இருக்கும், கூட்டினால் நூறு வரவேண்டும், எழுத்து ஒன்று தப்பினாலும் மொத்தப் பெட்டியும் திரும்பி வரும். பத்தாவதுவரை படித்த இங்கிலீஷ் அதற்குப் போதும். முன்பக்கம் பெரிய பெரிய எழுத்து, சிரிக்கிற பல், அதை விட்டாள். பின்பக்கம் எறும்பு வரிசையில் சின்ன எழுத்து. என்னென்னவோ பெயர்கள், பாதி வாயில் நுழையவில்லை. சதவீதக் குறி எங்கே இருக்கிறது என்று கண் தானாகத் தேடிப் போனது, பழக்கம். இருபத்தொன்று, சதவீதக் குறி. அதற்கு முன்னால் இருந்த சொல்லை ஓர் எழுத்து ஓர் எழுத்தாக வைத்துப் படித்தாள். ஆல்கஹால். மறுபடியும் படித்தாள். துணியில் தப்பு கண்டால் விரல் நகத்தை அந்த இடத்தில் வைத்துக்கொண்டு சூப்பர்வைசரைக் கூப்பிடுவாள், இங்கே நகம் வைத்த இடத்தில் நகம் வெளுத்துப்போயிற்று, கூப்பிட ஆளில்லை. மூடியைத் திறந்து முகர்ந்தாள். புதினா. அடியில் அதேதான். மூக்கு பொய் சொல்லவில்லை, ஒரு நாளும் சொன்னதில்லை. அது இங்கே இருந்திருக்கிறது, பாட்டிலில், கடையில் விலை போட்டு, பல்லுக்கு நல்லது என்று எழுதி. துப்புகிற பொருளில் அதை எதற்கு ஊற்றினார்கள், கிருமி சாகவா, எரியவா, எதற்காவது இருக்கட்டும். அவர் மூடியளவு என்று போட்டிருந்தால் டம்ளரில் ஊற்றுகிற ஆள், எரிந்தால்தான் கேட்கும் என்று அண்ணாந்து தொண்டையில் களகளவென்று நிறுத்தி, தொண்டைக்கும் நல்லதுதானே என்று ஒரு வாய் உள்ளேயும் இறக்கியிருப்பார். கஞ்சியில் இரண்டு மாத்திரை. அதன் மேல் இது.

அப்படியென்றால் குடிக்கவில்லை. அப்படியென்றால் முதல் நாள் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோதும் குடிக்கவில்லை, தாராபுரத்தில் பந்தியில் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தபோதும் குடிக்கவில்லை, அவர் இலையில் இருந்ததைத் தொடாமல் எழுந்து கை கழுவினாரே, அப்போதும் குடிக்கவில்லை. பெண் தலைமேல் செய்த சத்தியம் நிஜச் சத்தியம். உப்புத் தண்ணீர் போதும் என்று டாக்டர் சொன்னாரே, ஏன் வாங்கினார், வாங்காமல் இருந்திருந்தால் இது வந்திருக்குமா என்று ஒரு பிடி கிடைத்தது, இரண்டு நிமிஷம் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். பையன்கள் காதுக்கிட்டப் போய்ப் பேசவேண்டும் என்று வாங்கினார். பிடி நழுவிவிட்டது. பாட்டிலை எங்காவது கொட்டிவிட்டால் என்ன. எழுந்து வராந்தாக் கோடியில் இருந்த கைகழுவும் தொட்டிவரை போனாள், மூடியைத் திருகினாள், கொட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது, இருமல் மருந்தைக் கொட்டியவள்தானே. கோயமுத்தூரில் இதயத்துக்குப் பார்ப்பார்கள், குழாய் விட்டுப் பார்ப்பார்கள், ஒன்றுமில்லை என்று அனுப்புவார்கள். அனுப்புவார்களா. போகிற வழியில் அந்தப் பிரஷர் எண்பதிலிருந்து எழுபதானால்? ஜோதிலட்சுமி சாகமாட்டார்கள் என்று சொன்னாள், ஜோதிலட்சுமி என்ன எமனுக்கு அக்காளா. மூடியை மறுபடியும் மூடினாள். சொல்லிவிடலாம். சொன்னால் இவர் குடிக்கவில்லை என்று அந்த நான்கு பேருக்கும் தெரியும், டாக்டரம்மா தாளில் எழுதியதை அடிப்பார். ஆனால் அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும், இவராக விடவில்லை என்று. நானாகத்தான் என்று இரண்டு தடவை சொன்ன ஆள். அந்த ஒரு சொல்லைச் சாப்பிட்டுத்தான் அவர் கன்னத்தில் சதை பிடித்தது, அதைப் பிடுங்கிவிட்டால் அப்புறம் மனுஷனிடம் என்ன இருக்கிறது. மாத்திரைதான் கட்டி வைத்திருக்கிறது என்று தெரிந்தால் இனிமேல் கஞ்சியைத் தொடுவாரா, கஞ்சியைத் தொடாவிட்டால் கடைக்குப் போகமாட்டாரா. புருஷனுக்கு விஷம் வைத்தவள் என்று போலீசுக்குச் சொல்லிவிடுவார்களோ. தர்ஷிணி என்ன நினைப்பாள். அம்மா உங்களுக்குத் தெரியாமல் கலந்தாளாப்பா என்று போனில் கேட்பாள், அவர் என்ன சொல்வார். குடிகாரர் என்கிற பெயர் அவருக்குப் பழகினதுதானே, இன்னும் ஒரு தடவை இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றிய நிமிஷத்தில் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்துக் கட்டில் மருமகள், குடிகாரப் புருஷனைக் கட்டிய பாவத்தை முகத்தில் வைத்துக்கொண்டு இவளுக்கு ஒரு டம்ளர் டீ நீட்டினாள். இத்தனை வருஷத்தில் இந்தப் பரிதாபத்தை எத்தனையோ பேரிடம் வாங்கிக் குடித்திருக்கிறாள், இன்றைக்குத்தான் அது இறங்கவில்லை.

எட்டு ஐம்பதுக்கு டாக்டரம்மா வந்தார். பிரஷர் எண்பத்து நான்கு. போதாது என்று தலையை ஆட்டினார், ஆம்புலன்சுக்குச் சொல்லச் சொல்லி நர்சிடம் திரும்பினார். மைனாவதி எழுந்து நின்றாள், கால் தன் பாட்டுக்கு நின்றுவிட்டது, மனசு இன்னும் நாற்காலியில்தான் இருந்தது. "ஒரு நிமிஷமுங்க டாக்டர். இவரு குடிக்கலீங்க. நான்தானுங்க மாத்திரை கலந்தேன்." அதற்கு மேல் எல்லாம் தானாக வந்தது, நிறுத்தத் தெரியாமல் வந்தது, கஞ்சி, பாதி, முழுசு, இரண்டு, பதினோரு மாசம், பாட்டில், லேபிளில் நகம் வைத்துக் காட்டினாள். டாக்டரம்மா மாத்திரையின் பெயர் கேட்டார், எத்தனை மில்லிகிராம் என்று கேட்டார், இன்றைக்கு எத்தனை மணிக்கு என்று கேட்டார், பாட்டிலை வாங்கிப் பின்பக்கம் படித்தார். பிறகு ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றார், இன்னொரு பாட்டில் ஏற்றச் சொன்னார், வேறு ஊசி சொன்னார், இன்றைக்கு முழுக்க இங்கேயே வைத்துப் பார்க்கவேண்டும் என்றார். உயிரே போயிருக்கும், உங்களுக்குத் தெரியுமா என்று மைனாவதியைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான் திட்டு. தாளை வாங்கி எதையோ அடித்துவிட்டு, நர்சிடம், குடிச்சிருக்கார்னு எழுத வேண்டாம் என்று சத்தமாகவே சொல்லிவிட்டுப் போனார். மருமகள் டீ டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய் மாமனார் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

மைனாவதி குனிந்து பார்த்தபோது திருமூர்த்தி கண்ணைத் திறந்திருந்தார். எப்போது திறந்தார் என்று தெரியவில்லை, ஆனால் முழுக்கக் கேட்டிருக்கிறார். திட்டுவார் என்று நின்றாள், திட்டினால் தேவலை என்று நின்றாள். அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே, "அப்ப நானா விடலியா புள்ள?" என்று கேட்டார்.

இதைத்தான் அவள் அரைமணி நேரமாகப் பயந்துகொண்டிருந்தாள். ஆமாம் என்று சொல்லவேண்டியதுதான், வேறு வழியில்லை என்று வாயைத் திறந்தவளுக்கு அப்போதுதான், அந்த நிமிஷத்தில்தான், இத்தனை மாசமாகக் கண் முன்னால் கிடந்தது தெரிந்தது. முதல் வாரம் முகம் சிவக்கவில்லை. தீபாவளிக்குச் சிவக்கவில்லை, பொங்கலுக்குச் சிவக்கவில்லை, மில்லில் போனஸ் கொடுத்த அன்றைக்குச் சிவக்கவில்லை. பாட்டில் வீட்டுக்குள் வருகிறவரை ஒரு நாளும் சிவக்கவில்லை. கை நடுங்கிக் கிடந்த அந்த ஒன்பது நாள் மாத்திரையே கிடையாது. அவள் போட்ட காவலுக்கு இத்தனை நாள் பிடிக்க ஒரு திருடன்கூட இல்லை, முதல் முதலாகப் பிடித்ததும் திருடாதவனை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, சந்தோஷம் மாதிரியும் இருந்தது, அவர் கையைப் பிடித்தாள், ஊசி ஏறியிருந்த கை, நர்சு அதட்டியதும் விட்டுவிட்டு மறு கையைப் பிடித்தாள். "நீங்களாத்தானுங்க விட்டீங்க. ஒரு சொட்டு குடிச்சிருந்தாலும் அன்னைக்கே முகம் செவந்திருக்கும். இந்த பாட்டில் வர்ற வரைக்கும் ஒரு நாள்கூட செவக்கலீங்க. நீங்களாத்தான் விட்டீங்க" என்றாள். அவர் அவள் சொன்னதை மெதுவாக உள்ளே வாங்கிக்கொள்வது முகத்தில் தெரிந்தது. கழுத்துச் சிவப்பு அநேகமாக வடிந்துவிட்டது. உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டார். கோபமே இல்லாமல்தான் சொன்னார்.

"மாத்திரைக்குத் தெரிஞ்சிருக்கு. உனக்குத் தெரியலியே."

அவள் பிடித்திருந்த கையை அவர் உருவிக்கொள்ளவில்லை, அவளுடைய கையைப் பிடிக்கவும் இல்லை. நர்சு புது பாட்டிலை மாட்டிவிட்டு, கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா என்றாள்.